காப்பீட்டு நிறுவனத்தின் பக்கம் பேசச் சொல்கிறார்கள்; மனம் ஒப்பவில்லை

சட்ட ஆலோசனை: வாசகர் கடிதத்துக்கு வழக்கறிஞரின் பதில்

கடிதத்தின் சுருக்கம்

அரசு சட்டக் கல்லூரி ஒன்றில் இறுதியாண்டு படிக்கும் மாணவி ஒருவர், பெயரும் ஊரும் வெளிவரக் கூடாது என்ற வேண்டுகோளுடன் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழி. செயல்முறைத் தாளுக்காக அவர் பங்கேற்க வேண்டிய மூன்று மாதிரி நீதிமன்றப் பயிற்சிகளில் இரண்டு முடிந்துவிட்டன. இரண்டிலும் மதிப்பெண் குறைவு. "சட்டம் தெரிகிறது, வாதம் ஒட்டவில்லை" என்று நடுவர் குறிப்பு எழுதியிருப்பதாக ஆசிரியர் வாய்மொழியாகச் சொன்னார். தாளைக் காட்ட மறுத்துவிட்டார். தம்முடைய ஆங்கிலமும் மெல்லிய குரலும்தான் குறை என்று மாணவி நம்புகிறார்.

மூன்றாவது பயிற்சி அடுத்த மாதம். அதற்கான கற்பனை வழக்கு இது: 2023இல் நடந்த சாலை விபத்தில் 38 வயது இல்லத்தரசி ஒருவர் இறந்துவிடுகிறார். கணவர் விசைத்தறித் தொழிலாளி, மாத வருமானம் ₹20,000. இரண்டு பிள்ளைகள், வயதான மாமியார். இறந்தவரின் மாத வருமானத்தை உத்தேசமாக ₹15,000 என்று வைத்துத் தீர்ப்பாயம் இழப்பீடு வழங்க, அது அதிகம் என்று காப்பீட்டு நிறுவனம் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீட்டில் வருகிறது. விபத்துக்கு யார் பொறுப்பு என்பதில் தகராறு இல்லை. தொகை மட்டுமே பிரச்சினை. மாணவிக்குக் கிடைத்திருப்பது காப்பீட்டு நிறுவனத்தின் தரப்பு. "என் அம்மாவும் இல்லத்தரசிதான். அவர் செய்வதற்கு மதிப்பில்லை என்று நான் எப்படிப் பேசுவேன்? தரப்பை மாற்றித் தரக் கேட்கலாமா?" என்கிறார். உடன் வாதாடும் மாணவர் செயற்கை நுண்ணறிவுச் செயலியைக் கொண்டு தயாரித்த பகுதியில் இரண்டு தீர்ப்புகளை எங்கு தேடியும் கிடைக்கவில்லை என்பது இன்னொரு கவலை. கற்பனை வழக்கின் விவரத்தாளையும் தமது வரைவையும் இணைத்திருக்கிறார். கடைசி வரியில், அம்மா பார்வையாளராக வர ஆசைப்படுகிறார், அழைத்துவரலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

பதில்

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் வரைவின் முதல் வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன். "இறந்தவர் எவ்வித வருமானமும் ஈட்டாதவர் ஆகையால், வருமான இழப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனம் ஒப்பாத வாக்கியமும் இதுதான். நல்ல செய்தி என்னவென்றால், உங்கள் மனம் மட்டுமன்று, சட்டமும் இதை ஒப்புவதில்லை. ஜாம்ஷெட்பூரில் 1989இல் நடந்த தீ விபத்து தொடர்பான லதா வாத்வா வழக்கில், இல்லத்தரசிகள் குடும்பத்துக்குச் செய்யும் பணிக்கு மாதம் ₹3,000 என்று உச்ச நீதிமன்றம் 2001இலேயே விலை போட்டுவிட்டது. 2009இல் மைனர் தீபிகா வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இதே பொருளை விரிவாக ஆராய்ந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சையெடுப்போரோடும் சிறைவாசிகளோடும் ஒரே வகையில் சேர்த்திருந்ததை 2010இல் அருண்குமார் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 2021 ஜனவரியில் வந்த கீர்த்தி வழக்கில் நீதிபதி என்.வி. ரமணா, 2019ஆம் ஆண்டின் காலப் பயன்பாட்டு ஆய்வை எடுத்துக்காட்டி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதைத் தீர்ப்பில் பதிவு செய்தார். இல்லத்தரசியின் வருமானத்தைத் தினக்கூலித் தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வைக்க முடியாது என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொன்னது.

இத்தனையும் இருக்கையில் "வருமானமே இல்லை" என்று எழுந்து நிற்பவரை நீதிபதி எந்தக் கண்ணால் பார்ப்பார்? அவர் உங்களை மறுக்கக்கூட மாட்டார், குறிப்பெடுப்பதை நிறுத்திவிடுவார். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் சரியான செய்தியும் அவர் தாளில் ஏறாது. "வாதம் ஒட்டவில்லை" என்று நடுவர் எழுதியதன் பொருள் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். உங்கள் ஆங்கிலத்தையோ குரலையோ அவர் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

எதை விட்டுக்கொடுப்பது, எதைப் பிடித்துக்கொள்வது

நம் சைவ சித்தாந்தப் பெரியவர்கள் நூல் செய்தபோது பரபக்கத்தை முன்னும் சுபக்கத்தைப் பின்னும் வைத்தார்கள். எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்பதை அந்தத் தரப்பினரே "ஆம், நாங்கள் சொல்வது இதுதான்" என்று தலையசைக்கும்படி முதலில் எடுத்துரைத்துவிட்டு, அதன் பிறகே தம் கொள்கைக்கு வந்தார்கள். நீதிமன்றத்திலும் இந்த வரிசைதான் செல்லும். ஆகவே விட்டுக்கொடுக்க வேண்டியவற்றை முதலில் பார்ப்போம்.

உழைப்புக்கு மதிப்பு உண்டு என்பதை விட்டுக்கொடுங்கள். எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்க்கக் கூடாது என்ற உங்கள் மூன்றாவது வாதத்தையும் எடுத்துவிடுங்கள். பிரணய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2017இல், 40 வயதுக்குட்பட்ட சுயதொழில் செய்வோருக்கும் உயர்வில்லாத மாறாச் சம்பளம் பெறுவோருக்கும் 40 சதவீதம் என்று வகுத்தது. உத்தேச வருமானத்துக்கும் எதிர்கால உயர்வைச் சேர்க்கலாம் என்று கீர்த்தி வழக்கு தெளிவாக்கிவிட்டது. அங்கே முட்டிக்கொள்வதில் பயனில்லை.

அடுத்ததாக, வரைவின் இரண்டாம் பக்கத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைக் காட்டி, வருமானம் இல்லாதவருக்கு ஆண்டுக்கு ₹15,000தான் என்கிறீர்கள். இது பழைய புத்தகத்திலிருந்து எடுத்தது என்று நினைக்கிறேன். 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அந்த அட்டவணையை நீக்கிவிட்டது. நீக்கம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. உங்கள் வழக்கின் விபத்தோ 2023இல் நடந்தது. இருந்த காலத்திலும் அந்த அட்டவணை, தவறு யாருடையது என்று பார்க்காமல் இழப்பீடு தரும் 163-ஏ பிரிவுக்காக எழுதப்பட்டதே தவிர, தவறை நிரூபித்து இழப்பீடு கேட்கும் 166ஆம் பிரிவு மனுக்களுக்காக அன்று. இந்த ஒரு பத்தியை வைத்தே எதிர்த்தரப்பு மாணவர் உங்களை ஐந்து நிமிடம் ஓட்டிவிடலாம்.

இவ்வளவையும் கொடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருப்பது ஓர் எண்: ₹15,000. உங்கள் வழக்கு முழுவதும் அந்த எண்ணுக்குள்தான் இருக்கிறது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதம் 15,000, அதோடு 40 சதவீதம் சேர்த்தால் 21,000, நான்கு பேர் சார்ந்திருக்கும் குடும்பம் என்பதால் சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 15,750, ஆண்டுக்கு 1,89,000, சர்லா வர்மா வழக்கின் பட்டியல்படி 38 வயதுக்கு ஆண்டுத் தொகையைப் பெருக்க வேண்டிய எண் (பெருக்கி) 15, ஆக ₹28,35,000. இதே வாய்ப்பாட்டில் மாத வருமானத்தில் ஓர் ஆயிரம் ரூபாய் ஏறினாலோ இறங்கினாலோ மொத்தத் தொகை ₹1,89,000 மாறும். இந்த ஒற்றை வரியை நீதிபதியிடம் சொன்னால் அவர் நிமிர்ந்து உட்காருவார். தாம் எதைத் தீர்மானிக்கப் போகிறோம் என்பது அப்போதுதான் அவருக்குத் துல்லியமாகத் தெரிகிறது.

தீர்ப்பாயம் அந்த 15,000ஐ எங்கிருந்து எடுத்தது? உங்கள் விவரத்தாளின்படி, எங்கிருந்தும் எடுக்கவில்லை. "நியாயமானதெனக் கருதி" என்ற இரண்டு சொற்களோடு நிறுத்திக்கொண்டிருக்கிறது. உங்களுடைய பலமான இடம் இதுதான். இல்லத்தரசியின் உழைப்பை மதிப்பிட மூன்று வழிகளை மேற்சொன்ன தீர்ப்புகளே பேசுகின்றன. அவர் வெளியே வேலைக்குப் போயிருந்தால் என்ன சம்பாதித்திருப்பார் என்று பார்ப்பது ஒன்று. திருமணத்தைச் சம பங்குதாரர் உறவாகக் கொண்டு கணவர் வருமானத்தில் பாதியை எடுப்பது இன்னொன்று. அவர் இடத்தில் ஆள் வைத்தால் என்ன செலவாகும் என்று பார்ப்பது மூன்றாவது. கணவரின் வருமானம் 20,000 என்றால் இரண்டாம் வழியில் 10,000 வருகிறது. மூன்றாம் வழிக்கு உங்கள் விவரத்தாளின் 7ஆம் பத்தியைப் பாருங்கள்: மனைவி இறந்த பிறகு, சமைக்கவும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் மாதம் ₹9,000 கொடுத்து ஒருவரை வைத்திருப்பதாகக் கணவரே சாட்சியம் சொல்லியிருக்கிறார். உங்கள் வரைவில் இந்தப் பத்தி எங்குமே இல்லை!

இதைச் சற்றுக் கடுமையாகச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. நானும் இதே தவற்றைச் செய்தவன். ஜூனியராக இருந்த மூன்றாம் ஆண்டில், ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தீர்ப்பாயத்தில் வாதாடும்படி சீனியர் கேஸ் கட்டை என் கையில் கொடுத்து அனுப்பினார். கட்டைப் புரட்டியபோது, மனைவியை இழந்த கணவரின் குறுக்கு விசாரணையில் ஒரு வரி கண்ணில் பட்டது: "என் மனைவி வேலைக்குப் போகவில்லை, வீட்டில் சும்மாதான் இருந்தார்." வெற்றி கையில் கிடைத்துவிட்டது என்று நினைத்து, அந்த வரியைச் சத்தமாக வாசித்தேன். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "அடுத்த பக்கத்தையும் வாசியுங்கள்" என்றார். அடுத்த பக்கத்தில், பக்கத்துத் தெருப் பெண்மணி ஒருவருக்கு மாதாமாதம் பணம் கொடுத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருப்பதாக அவரே தொகையோடு சொல்லியிருந்தார். என் கட்சிக்காரருக்கு ஆகக் கூடிய உதவி செய்யக்கூடிய எண் அது. மனுதாரர் கேட்டதில் பாதிகூட வராது. நானோ அதைத் தாண்டிப் போய் "சும்மா" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு அந்த எண்ணை நான் எடுத்துச் சொன்னபோது, மாட்டிக்கொண்டவன் சொல்லும் சமாதானமாகத்தான் அது ஒலித்தது. முதலிலேயே நான் சொல்லியிருந்தால் அது சாட்சியம்.

எனவே உங்கள் தொடக்கம் இப்படி இருக்கலாம் என்று எழுதிப் பார்த்தேன். அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் நாவுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

"இறந்தவர் குடும்பத்துக்குச் செய்த உழைப்புக்குப் பண மதிப்பு உண்டு என்பதையும், எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்க்கப்பட வேண்டும் என்பதையும் மேல்முறையீட்டாளர் ஏற்றுக்கொள்கிறார். கேள்வி ஒன்றே ஒன்று: மாதம் ₹15,000 என்ற எண்ணுக்குப் பதிவேட்டில் ஆதாரம் உண்டா? இல்லை என்பதே எங்கள் பணிவான வாதம். பதிவேட்டில் இருக்கும் இரண்டு ஆதாரங்களும் 9,000 முதல் 10,000 வரை காட்டுகின்றன. அவற்றில் உயர்ந்ததையே ஏற்கும்படி கேட்டுக்கொள்கிறோம்."

10,000 என்றால் அதே வாய்ப்பாட்டில் ₹18,90,000 வருகிறது. தீர்ப்பாயத்தின் கணக்கைவிட ₹9,45,000 குறைவு. 9,000ஐக் கேட்காமல் ஏன் 10,000 என்று உங்கள் கட்சிக்காரர் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் ஆகக் குறைந்ததைக் கேட்காதவரின் கணக்கை நீதிபதி சரிபார்க்கும் விதமே வேறு. சமாதானப்படுத்துவது என்று நீங்கள் எதை நினைத்தாலும், நீதிமன்றத்தில் அதன் வடிவம் இதுதான்: நீதிபதி கூச்சமில்லாமல் கையெழுத்திடக்கூடிய ஓர் உத்தரவை, எந்தப் பத்தியில் எந்தச் சாட்சியம் என்பதோடு அவர் முன்னால் வைப்பது.

பலவீனத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். சம்பளத்துக்கு வந்தவர் மாலையில் வீட்டுக்குப் போய்விடுவார்; நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் யார் எழுந்திருப்பார் என்று எதிர்த்தரப்பு நிச்சயம் கேட்கும். அதற்கு உங்களிடம் முழுமையான பதில் கிடையாது. "அந்த உழைப்பைச் சம்பளக் கணக்கு பிடிக்கவில்லை என்பது உண்மை, அதனால்தான் 9,000ஐ விட்டு, இரண்டு வழிகளில் உயர்ந்ததைக் கேட்கிறோம்" என்று சொல்லி நிறுத்துங்கள். இன்னொரு கண்ணி, குறைந்தபட்சக் கூலி. விபத்து நடந்த காலத்தில் பயிற்சியற்ற தொழிலாளிக்கு அரசு அறிவித்திருந்த கூலி அறிவிக்கையை எடுத்துப் பாருங்கள். அது 10,000த்துக்கு மேல் இருந்தால் தயங்காமல் அந்த எண்ணுக்கு ஏறிவிடுங்கள்; 2024 தீர்ப்பு உங்களுக்குக் கீழே ஒரு தரையைப் போட்டுவிட்டது. அந்தத் தரைக்கு மேலே எவ்வளவு என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்பதுதான் உங்கள் வாதம், அது அப்போதும் நிற்கும்.

உங்கள் வரைவில் கவர்ச்சியான ஒரு மேற்கோளும் இருந்தது: வீட்டு வேலை செய்த மனைவிக்குக் கணவர் பெயரில் வாங்கிய சொத்தில் சம பங்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் சொன்ன தீர்ப்பு. அருமையான தீர்ப்பு, எனக்கும் பிடித்தது. ஆனால் அது சொத்துரிமை வழக்கு, உங்களுக்கு உதவாதது மட்டுமன்று, எதிர்த்தரப்புக்கு நீங்களே எடுத்துக் கொடுத்ததாகவும் ஆகும். கீர்த்தி வழக்கு வேறு வகை. அது உங்கள் தரப்புக்குப் பாதகமாகத் தோன்றினாலும் பிரச்சினையோடு நேரடியாகத் தொடர்புடையது. அதை மறைக்கக் கூடாது, நீங்களே முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

தரப்பை மாற்றக் கேட்கலாமா?

கேட்கலாம், கொடுக்க வேண்டிய கட்டாயம் கல்லூரிக்கு இல்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் கேட்க மாட்டேன். இந்திய வழக்கறிஞர் கழக விதிகளின்படி, தாம் தொழில் செய்யும் நீதிமன்றத்தில் தம் தகுதிக்கேற்ற கட்டணத்துக்கு வரும் வழக்கை ஏற்பது வழக்கறிஞரின் கடமை. சிறப்புச் சூழ்நிலை காரணமாக மறுக்கவும் அந்த விதியிலேயே இடமுண்டு. கோவையில் எழுந்த ஒரு பிரச்சினை 2010இல் உச்ச நீதிமன்றம் வரை போனபோது, குறிப்பிட்ட நபர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வழக்கறிஞர் சங்கங்கள் தீர்மானம் போடுவது அரசியல் சாசனத்துக்கே விரோதம் என்று நீதிபதிகள் கண்டித்தார்கள். ஒருவருக்காகப் பேசுவது வேறு, அவருடைய கருத்தை நம்முடையதாக்கிக்கொள்வது வேறு என்ற அடிப்படையில்தான் இந்தத் தொழில் நடக்கிறது.

உங்கள் மனவருத்தத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் அது ஒரு தவறான அனுமானத்திலிருந்து வருகிறது. காப்பீட்டு நிறுவனத்துக்காகப் பேசுவதென்றால் இல்லத்தரசியைச் சிறுமைப்படுத்தியாக வேண்டும் என்று நினைத்துவிட்டீர்கள். மேலே எழுதிய தொடக்கத்தில் அப்படி ஒரு சொல் இருக்கிறதா பாருங்கள்.

ஆங்கிலமும் குரலும்

வழக்கறிஞர் கழகத்தின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளில், மாதிரி நீதிமன்றப் பயிற்சி ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண். அதில் 5 எழுத்து வாதத்துக்கு, 5 வாய்மொழி வாதத்துக்கு. ஆகவே குரல் ஒன்றினால் நீங்கள் தோற்றிருக்க வழியில்லை. எழுத்து வாதத்தைத் திருத்தினாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மொழியைப் பொறுத்தவரை, உச்ச நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றங்களிலும் நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் என்பது அரசியல் சாசனத்தின் 348ஆம் பிரிவு. அதிலேயே, குடியரசுத் தலைவரின் முன் ஒப்புதலோடு ஆளுநர் வேறு மொழியை அனுமதிக்கவும் வழி இருக்கிறது. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய நான்கு மாநிலங்களுக்கு இந்தி கிடைத்தது. 2006இல் நம் சட்டமன்றம் தமிழுக்காகத் தீர்மானம் நிறைவேற்றியும் கிடைக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கும் உண்டு, அது வேறு கட்டுரை. உங்கள் பயிற்சி உயர் நீதிமன்ற மேல்முறையீடாக அமைக்கப்பட்டிருப்பதால் ஆங்கிலத்தில் நடக்கும். ஆனால் இந்த வழக்கின் வேர் இருக்கும் மாவட்டத் தீர்ப்பாயங்களில் சாட்சிகள் தமிழில்தான் பேசுகிறார்கள், வாதமும் பெரும்பாலும் தமிழில் ஓடுகிறது.

எனவே வாதத்தை முதலில் தமிழில் எழுதுங்கள். தமிழில் ஒரு வரியில் சொல்ல முடியாததை ஆங்கிலத்திலும் சொல்ல முடியாது; பெரிய சொற்களைப் போட்டு மூடத்தான் முடியும். பிறகு பத்துப் பன்னிரண்டு சொற்களுக்கு மேற்படாத ஆங்கில வாக்கியங்களாக மாற்றிக்கொள்ளுங்கள். பக்கம் முழுக்க மனப்பாடம் செய்யாதீர்கள். முதல் கேள்வி வந்ததும் மனப்பாடம் அறுந்துவிடும். உங்கள் முதல் இரண்டு பயிற்சிகளிலும் நடந்தது அதுவாக இருக்கலாம். நீதிபதி கேள்வி கேட்டால் முதலில் "ஆம்" அல்லது "இல்லை", அதன் பிறகு காரணம், அதன் பிறகு பக்க எண். "அதற்குப் பிறகு வருகிறேன்" என்ற பதில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

மெல்லிய குரலுக்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்காமல் இருப்பது. நம்மில் பலருக்கு மூச்சு அங்கேதான் தீர்கிறது. வினைச்சொல்லும் தமிழில் அங்கேதான் இருக்கிறது.

விதிகளின்படி நீங்கள் ஒரு சிவில், ஒரு கிரிமினல் என இரண்டு வழக்கு விசாரணைகளையும் நேரில் கவனித்துக் குறிப்பெழுத வேண்டும். அதற்காகப் போகும் நாளில், விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடக்கும் அறையிலும் ஒரு முற்பகல் பின் வரிசையில் உட்காருங்கள். யார் குரலை உயர்த்துகிறார்கள் என்று பார்க்க வேண்டாம். நீதிபதியின் பேனா எப்போது ஓடுகிறது, எப்போது நிற்கிறது என்று மட்டும் பாருங்கள்.

கிடைக்காத இரண்டு தீர்ப்புகள்

இந்தப் பகுதியில் எனக்கு நெகிழ்வு கிடையாது. செயலி சொன்ன தீர்ப்பு, தேடியும் கிடைக்கவில்லை என்றால் அது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2023இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி கற்பனை செய்த தீர்ப்புகளை நம்பித் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். தொகை பெரிதன்று; அவர்கள் பெயரை உலகமே படித்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் அந்த நீதிமன்றத்தின் மின்னணுத் தீர்ப்புத் தொகுப்பான இ-எஸ்சிஆர் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒவ்வொரு மேற்கோளையும் மூலத்தில் திறந்து, நீங்கள் சொல்லும் கருத்து எந்தப் பத்தியில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நண்பரைப் பற்றி உடனே ஆசிரியரிடம் போக வேண்டாம். முதலில் அவரிடமே, அந்த இரண்டு தீர்ப்புகளின் முழு நகலைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கொண்டுவர முடியாவிட்டால் இருவரும் சேர்ந்து நீக்குங்கள். அவர் மறுத்தால், எழுத்து வாதத்தில் உங்கள் கையெழுத்தும் இருக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். அந்தக் கட்டத்தில், தாக்கல் செய்யும் தேதிக்கு முன்பே ஆசிரியரிடம் எழுத்தில் தெரிவிப்பது கோள் சொல்வதாகாது. தாக்கல் செய்த பிறகு தெரிய வந்தால், வாதத்தின் முதல் நிமிடத்திலேயே "இந்த இரண்டு மேற்கோள்களையும் திரும்பப் பெறுகிறோம்" என்று நீங்களே சொல்லிவிட வேண்டும். இரண்டு மதிப்பெண் போகலாம், போகட்டும்.

மதிப்பீட்டுத் தாள்

திருத்தப்பட்ட விடைத்தாளைத் தேர்வெழுதியவர் பார்க்கலாம் என்று 2011இல் ஆதித்யா பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. திருத்தியவர் யார் என்ற விவரத்தை வெளியிட வேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. வாய்மொழித் தேர்வின் மதிப்பீட்டுத் தாளுக்கும் இதே தர்க்கம் பொருந்தும் என்று வாதாட இடமிருக்கிறது. உங்களுடையது அரசு கல்லூரி என்பதால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ₹10 கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

உரிமை இருக்கிறது என்பதற்காக இப்போதே அதைச் செய்ய வேண்டுமா என்பது வேறு கேள்வி. உங்கள் பயிற்சி அடுத்த மாதம். 30 நாள் கழித்து வரும் தாள் அதற்கு உதவாது. அதைவிட, கையில் திருத்திய வரைவை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் போய், "ஐயா, வாதம் எந்த இடத்தில் ஒட்டவில்லை என்று நடுவர் சொன்னார்கள்? இந்த வரைவில் அது சரியாகியிருக்கிறதா?" என்று கேளுங்கள். தாளைக் காட்டு என்று கேட்டபோது மறுத்தவர், இதற்கு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசக்கூடும். மதிப்பெண்ணில் அநியாயம் நடந்ததாகப் பிறகும் உங்களுக்குத் தோன்றினால், விண்ணப்பம் போட அப்போதும் காலம் இருக்கும்.

அம்மா வரலாமா?

தாராளமாக வரட்டும். ஆனால் அன்றுதான் முதல்முறையாக அவர் உங்கள் வாதத்தைக் கேட்பதாக இருக்கக் கூடாது. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, அடுப்படி வேலை ஓய்ந்த நேரமாகப் பார்த்து அவரை உட்காரவைத்து, பதினைந்து நிமிட வாதத்தையும் தமிழில் சொல்லுங்கள். 9,000 என்ற எண் வரும்போது அவர் கட்டாயம் குறுக்கிடுவார். வேறு இடங்களிலும் குறுக்கிடலாம். அப்போது விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடாதீர்கள். குறுக்கிட்ட இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, அவர் கேட்டதை அவர் சொன்ன சொற்களிலேயே ஓரத்தில் எழுதிக்கொண்டு, மேலே படியுங்கள். மாதிரி நீதிமன்றத்தின் மேடையிலிருந்து அந்தக் கேள்விகளில் குறைந்தது இரண்டு திரும்பி வரும் என்பது என் கணிப்பு. பதிலை அன்றிரவே தயார் செய்துவிடுங்கள்.